பூச்செண்டு மாப்பிள்ளை

வட்கேடா
பௌஷ மாதம், வளர்பிறைப் பஞ்சமி, சம்வத் 1966

ஹிரண்கட் சமஸ்தானாதிபதி தேசாய் சாகேப் ஸ்ரீ உமேத்சிங்ஜி அவர்களுக்கு வட்கேடா ஊர்த்தலைவர் ஜீவாபாயின் மனைவி ரளியாத் எழுதிக்கொள்வது. இந்தப் பட்டங்களையெல்லாம் ஜம்கு பள்ளிக்கூடத்துச் சுவரைப் பார்த்து எழுதினாள். "தம்பின்னு மட்டும் போடுடி" என்றால் கேட்கமாட்டேன் என்கிறாள். ராஜாவுக்கு அப்படி எழுதினால் வாத்தியாரம்மா அடிப்பார்களாம்.

இங்கே எல்லோரும் சுகம். எருமை கன்று போட்டிருக்கிறது. உங்கள் வயிற்றுவலி எப்படி இருக்கிறது? அரண்மனையில் நெய்யைக் குறைக்கச் சொல்லுங்கள்.

விஷயம் இதுதான். அம்மன் சன்னிதியில் கல்யாண நாளுக்குச் சீட்டு விழுந்துவிட்டது. வைசாக வளர்பிறைத் துவாதசி. பத்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் நாள், நம் கட்வா சாதி மொத்தத்துக்கும் கல்யாணத்துக்கு அந்த ஒரே நாள்தான் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. செய்தி வந்த அன்றே ஊரில் பாதித் தொட்டில்களுக்குச் சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்கள். என் ஓரகத்தி ஆறு மாதக் கர்ப்பம். அவளிடமும் வந்து, "பொண்ணு பொறந்தா எங்களுக்குத்தான், வேற யாருக்கும் வாக்குக் குடுத்துராதீங்க" என்று வெல்லம் வைத்துவிட்டுப் போனார்கள்.

ஜம்குவுக்கு ஒன்பது வயது. பதினோரு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான், நல்ல குடும்பம். இந்த நாளை விட்டால் அடுத்த நாள் வரும்போது அவளுக்குப் பத்தொன்பது. அப்போது யார் கட்டுவான்? உங்கள் சட்டம் அன்று ஒருநாள் கண்ணை மூடிக்கொள்ளுமா என்று கேட்கத்தான் எழுதினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மன் துணை.

ரளியாத்

இது நான் எழுதுவது, மாமா. அந்தப் பையனுக்கு எப்போதும் மூக்கு ஒழுகும். நான் மூன்றாம் வகுப்பு. பதினாறாம் வாய்பாடு தெரியும். – ஜம்கு

*

ஹிரண்கட் அரண்மனை
பௌஷத் தேய்பிறை நவமி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. வயிறு பரவாயில்லை. உன் முழங்கால் வலிக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன், மாட்டுக்குத் தடவிவிடாதே.

சட்டம் போட்டு மூன்று வருஷமாகிறது. பன்னிரண்டு வயது நிரம்பாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்தால் பெற்றவர்களுக்கும் புரோகிதருக்கும் ஒரு மாதச் சிறை. இத்தனை நாள் அதற்கு வேலையே இல்லாமல் இருந்தது, நாள் வரவில்லை என்பதால். போன வாரம் சாதிப் பெரியவர்கள் பதினாலு பேர் தலைப்பாகையோடு வந்து உட்கார்ந்தார்கள். "ஒரே ஒரு நாள், சாகேப். அன்னிக்கு மட்டும் சட்டத்துக்கு லீவு குடுங்க" என்றார்கள். அந்த ஒரு நாளுக்காகத்தானே சட்டமே என்றேன். காபியைக் குடிக்காமலே எழுந்து போனார்கள்.

ஏஜெண்டு துரை வேறு சிரித்துக்கொண்டே சொன்னார், "வைசாக வெயில்ல உங்க சட்டம் வெண்ணெய் மாதிரி உருகப்போகுது, தேசாய் சாகேப்." சந்தைக் கிணற்றை எல்லாச் சாதிக்கும் திறந்தபோதும் இதே சிரிப்புத்தான். ஒரு மாதம் ஊர் கத்தியது, பிறகு தாகம் எடுத்தது, அடங்கியது.

அக்கா, தேசாயின் சொந்த அக்காவே மீறினாள் என்றால் மறுநாள் இந்தச் சட்டத்தைப் பொட்டலம் மடிக்கத்தான் பயன்படுத்துவார்கள். உனக்கென்று நான் கண்ணை மூட முடியாது.

ஜம்குவுக்கு என் ஆசி. இருபதாம் வாய்பாடுவரை போகச் சொல்.

உமேத்சிங்,
தேசாய், ஹிரண்கட்

*

வட்கேடா
மாக வளர்பிறைச் சப்தமி

தேசாய் சாகேப் அவர்களுக்கு,

எண்ணெய் வந்தது. முழங்கால் தேவலை. உன் வயிற்றுக்கு ஓமம் வறுத்து அனுப்பியிருக்கிறேன். "நீ" என்று எழுதமாட்டேன் என்று ஜம்கு அழுகிறாள். நான் சொல்வதை அப்படியே எழுதாவிட்டால் நாளை பள்ளிக்கூடம் கிடையாது என்றிருக்கிறேன், இப்போது எழுதுகிறாள்.

உன் சிப்பாய்கள் நேற்று வந்து வீடுவீடாகப் பிள்ளைகளின் பல்லைப் பார்த்து வயது எழுதிக்கொண்டு போனார்கள். மாட்டுச் சந்தை தோற்றது. ஊரில் பெண்கள் என்னைக் கண்டால் தண்ணீர்க் குடத்தை மறுபக்கம் மாற்றிக்கொள்கிறார்கள். "தம்பி சட்டம் போடுறாரு, அக்கா எண்ணெய் தடவிக்கிறாங்க" என்று என் காதில் விழும்படி சொல்கிறார்கள்.

தம்பி, சின்னஞ்சிறுசுகளுக்கு முடிச்சுப் போடுவது தப்பு என்று உனக்குத் தெரிகிறது. நல்லது. சம்வத் 1936-ஆம் வருஷத்து நாளில் உனக்கு ஐந்து வயது. நானிவாவ் ஊரில் பந்தல் போட்டு, தூங்கிவிழுந்த உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு போய், மூன்று வயது ரூபாவுக்குக் கட்டிவைத்தார்கள். அந்த முடிச்சுக்கு உன் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது? அவள் இன்னும் நானிவாவில்தான் இருக்கிறாள். அண்ணன் வீட்டில் மாவு அரைக்கிறாள். இதற்கு மட்டும் பதில் எழுது.

குளிர் அதிகம், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

ரளியாத்

மாமா, ரூபா என்பது யார்? கேட்டால் அம்மா கையில் கரண்டியை எடுக்கிறாள். – ஜம்கு

*

ஹிரண்கட் அரண்மனை
பால்குன வளர்பிறைத் திருதியை

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஓமம் நன்றாக வேலை செய்தது. வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள்.

வேலை அதிகம். கிழக்குக் கால்வாய் ஹோலிக்குள் முடியும். மருத்துவமனைக்குப் பெண் டாக்டர் ஒருவர் வருகிறார். இந்த வருஷம் மூன்றாம் வகுப்புத் தேறும் பெண்களுக்கு நானே புத்தகம் கொடுப்பதாக இருக்கிறேன். வட்கேடாவில் எத்தனை பேர் என்று வாத்தியாரம்மாவை எழுதச் சொல்.

துவாதசி அன்று ஒவ்வொரு ஊரிலும் நான்கு சிப்பாய்கள் நிற்பார்கள். வட்கேடாவில் ஆறு பேர். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

நீ எழுதிய மற்ற விஷயங்களையும் படித்தேன்.

உமேத்சிங்,
தேசாய், ஹிரண்கட்

*

வட்கேடா
பால்குனப் பௌர்ணமி

தேசாய் சாகேப் அவர்களின் சமூகத்துக்கு,

கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஜீவாபாயாகிய நான் எழுதுகிறேன். வீட்டில் அனைவரும் க்ஷேமம். இனி வருவதெல்லாம் என் மனைவி சொல்லச் சொல்ல எழுதுவது. நான் பொறுப்பில்லை, சாகேப்.

"மற்ற விஷயங்களையும் படித்தேன்." அவ்வளவுதானா தம்பி? சரி, என் ஏற்பாட்டைக் கேள். ஜம்குவைப் பையனுக்குக் கொடுக்கவில்லை. பூச்செண்டுக்குக் கொடுக்கிறேன். நம் சாதியில் மாப்பிள்ளை அமையாத பெண்ணுக்குச் செய்வதுதானே. துவாதசி அன்று மணையில் பூச்செண்டை வைத்துப் பெண்ணைக் கட்டி, அதைக் கிணற்றில் போட்டுவிட்டால் மாப்பிள்ளை செத்தான். பெண் விதவை. நம்மில் விதவைக்கு இரண்டாம் கட்டு உண்டு, அதற்கு நாள் பார்க்க வேண்டாம். பன்னிரண்டு ஆனதும், பதினைந்து ஆனதும் எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம். சாதியும் வாயை மூடும். உன் சட்டத்தில் பூச்செண்டு என்ற வார்த்தை இல்லை. இவர் நாலு தடவை படித்துப் பார்த்துவிட்டார்.

உன்னையும் அப்படித்தான் கிணற்றில் போட்டார்கள். பழைய தேசாயின் மனைவி உன்னைத் தத்தெடுத்தபோது உனக்குப் பத்து வயது. பல்லக்கில் ஏறிக் கையை ஆட்டிவிட்டுப் போனாய். நாலாம் நாள் அரண்மனை ஆட்கள் நானிவாவுக்குப் போனார்கள். குடியானவன் பெண் ராணியாக முடியாதே, அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். "உங்க மாப்பிள்ளை கேசவ் செத்துட்டான். அரண்மனையில இருக்கறது உமேத்சிங்ஜி, அவரு புதுசாப் பொறந்தவரு. பொண்ணுக்குத் தலைமுழுக்கு ஊத்துங்க" என்றார்கள். ரூபாவுக்கு எட்டு வயது. முதல் வளையலை உடைத்தபோது விளையாட்டு என்று சிரித்தாள். யாரோ அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள், மீதியையும் உடைத்தார்கள். இரண்டாம் கட்டுக்கு அவளை யார் கேட்பான்? உயிரோடு இருக்கும் ராஜாவின் விதவையைத் தொட எவனுக்குத் துணிச்சல் வரும்?

பூச்செண்டாவது கிணற்றில் அழுகிப்போகும். நீ சட்டம் போட்டுக்கொண்டிருக்கிறாய்.

கண் எரிச்சலுக்குப் பன்னீர் விட்டுக்கொள்.

ரளியாத் சொல்ல, ஜீவாபாய் (மன்னிக்கவும், சாகேப்)

*

வட்கேடா
பால்குனத் தேய்பிறைச் சஷ்டி

மாமாவுக்கு ஜம்கு எழுதுவது. நான் சுகம். நீங்கள் சுகமா? இந்தக் கடிதம் வாத்தியாரம்மா மூலம் வருகிறது. அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

அப்பா எழுதிய கடிதத்தைக் காயவைக்கும்போது படித்துவிட்டேன். பூவுக்கு எதற்கு மாமா என்னைக் கட்ட வேண்டும்? கட்டிவிட்டு ஏன் கொல்ல வேண்டும்? எங்கள் வகுப்பில் சாந்தா அம்மை வந்து செத்தபோது அழுதோம். பூ செத்தால் நான் அழ வேண்டுமா என்று கேட்டேன். "சும்மா ஒரு தடவை அழுதுட்டா போதும், அப்புறம் விளையாடப் போலாம்" என்றாள் அம்மா. ஆனால் விதவை என்றால் பள்ளிப் பதிவிலும் அப்படி எழுதுவார்களாம். பள்ளிப் பரீட்சை வைசாகத் தேய்பிறையில் வருகிறது.

நானிவாவுக்கு மாவு அரைக்க அப்பாவோடு போனேன். ரூபா அத்தையைப் பார்த்தேன். கை பெரிதாக, காய்ப்புக் காய்த்திருக்கிறது. "யாரு மகடி நீ?" என்று கேட்டார்கள். சொன்னேன். திருகையை நிறுத்தினார்கள். பிறகு, "உன் மாமனுக்கு இன்னும் இடது கன்னத்துல மச்சம் இருக்கா?" என்றார்கள். நான் உங்களை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. இருக்கிறதா?

ஜம்கு, மூன்றாம் வகுப்பு

*

ஹிரண்கட் அரண்மனை
சைத்ர வளர்பிறைத் தசமி

அக்கா,

நலமா என்று கேட்டுத் தொடங்கக் கை வரவில்லை. நான் நலமாக இல்லை.

எனக்குத் தெரியும். பத்து வயதில் தெரியாது. பதினெட்டில் பட்டம் கட்டிய அன்று பழைய காவல்காரன் ஒருவன் சொன்னான். மறுநாளே ஆள் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. திவான் வேறு இடத்தில் பெண் பேசியிருந்தார், இப்போது இங்கிருக்கும் ராணி. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

பத்து வருஷம் முன்பு வந்த ஐம்பத்தாறாம் வருஷத்துப் பஞ்சம் உனக்கு நினைவிருக்கும். ஏரி வெட்டும் வேலைக்கு ஆயிரம் பேர் மண் சுமந்தார்கள். குதிரையில் பார்வையிடப் போனேன். ஒருத்தி கூடையை இறக்காமல் நின்று என்னையே பார்த்தாள். எல்லோரும் குனிந்தார்கள், அவள் குனியவில்லை. மேஸ்திரி அவளை அடிக்கக் கையை ஓங்கினான். "ஏய், நானிவாவ் விதவை, சாகேப் நிக்கறது தெரியலையா?" என்றான். நான் அவன் கையைத் தடுக்கவில்லை. குதிரையைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வருஷத்துக்குப் பிறகுதான் பெண்கள் பள்ளி, இந்தச் சட்டம், எல்லாம். என்னைச் சீர்திருத்தக்காரன் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அந்தக் குதிரை திரும்பியதை ஒருவரும் எழுதவில்லை.

நேற்றுத் திவானிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். "கேசவ் செத்தாத்தான் உமேத்சிங்ஜி பொறக்க முடியும், சாகேப். கேசவ் உயிரோட இருக்கான்னு உங்க வாயால வந்துட்டா தத்து செல்லாதுன்னு உங்க அரண்மனைப் பெரியப்பா வகையறா நாளைக்கே துரைகிட்ட நிப்பாங்க. நாற்காலி போயிரும். நாற்காலி போனா உங்க பள்ளிக்கூடம், கிணறு எல்லாம் அதோட போயிரும்." அவர் சொல்வதில் பொய் இல்லை.

பூச்செண்டுக்கும் சேர்த்துச் சட்டத்தில் ஒரு வரி எழுதிவிட்டேன். இன்று அச்சாகிறது. ஜம்குவைப் பூவுக்கும் கட்டாதே, அக்கா. உன்னைச் சிறையில் போட வைத்துவிடாதே.

மச்சம் இருக்கிறது. ஜம்குவிடம் சொல். யார் கேட்டது என்று நீ கேட்காதே.

உமேத்சிங்

*

வட்கேடா
சைத்ரத் தேய்பிறைத் துவிதியை

தம்பிக்கு,

மறுபடி ஜம்குதான் எழுதுகிறாள். மறைக்க இனி ஒன்றுமில்லை. நாங்கள் சுகம். நீ சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். அழுதேன், அது போகட்டும். ஒரு வரி எழுதுவது உனக்குச் சுலபமாக இருக்கிறது. அச்சுக்கூடம் உன்னுடையது. என்னைச் சிறையில் போடு, போய் இருந்துவிட்டு வருகிறேன், அங்கேயும் களி கிண்டத்தானே சொல்வார்கள்.

எனக்கு எழுதினாயே, அதைச் சாதிக்காரர்கள் முன்னால் உன் வாயால் சொல். ரூபாவுக்கு விடுதலைச் சீட்டு எழுதிக் கொடு. சொன்னால் ஜம்குவை நான் மணையில் உட்காரவைக்கவில்லை, சாதி என்னைத் தள்ளினாலும் சரி. சொல்லவில்லை என்றால் துவாதசி அன்று காலை பூச்செண்டு வரும். பிறகு உன் ஆறு சிப்பாய்களும் என்னைக் கட்டிக்கொண்டு போகட்டும். தானே செய்யாததை ஊருக்குச் சொல்கிறவனின் சட்டத்துக்கு என் பெண்ணின் பத்து வருஷத்தைப் பணயம் வைக்கமாட்டேன்.

பதில் போடு. வெயிலில் அலையாதே.

ரளியாத்

மாமா, சொல்லிவிடுங்கள். – ஜம்கு

*

வட்கேடா
வைசாக வளர்பிறைத் திரயோதசி

தம்பிக்கு,

இருபத்தாறு நாள் நீ பதில் போடவில்லை. தினம் தபால்காரன் வரும் நேரத்துக்கு வாசலில் நின்றேன். அவன் என்னைக் கண்டால் தெருவை மாற்றிக்கொள்ள ஆரம்பித்தான். நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா, ஒன்றும் தெரியாமல் இதை எழுதுகிறேன்.

நேற்று நடந்ததில் நீ பார்க்காதது நிறைய. அதனால்தான் எழுதுகிறேன். காலையில் பூச்செண்டு வந்துவிட்டது. ஜம்குவைக் குளிப்பாட்டிச் சிவப்பு உடுத்தினேன். அவள் வாய்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். பதினேழாம் வாய்பாட்டில் இருந்தபோது மேளக்காரன் ஓடிவந்தான். "தேசாய் சாகேப் நானிவாவ்ல நிக்கறாரு. செருப்பில்லாம நிக்கறாரு" என்றான். ஜம்குவை அப்படியே வண்டியில் ஏற்றினேன்.

வந்து பார்த்தால் ஊர் மொத்தமும் பந்தலை விட்டுவிட்டு ரூபாவின் அண்ணன் வாசலில் நிற்கிறது. பதினாலு தலைப்பாகையும் முன்வரிசையில். நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். தரையில் ஒன்றுமில்லை, தம்பி. அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அவள் திருகையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "வந்திருக்கறது யாரு?" என்றாள். நீ "கேசவ்" என்றாய். உன் குரல் இரண்டாம் வரிசைக்கே கேட்கவில்லை. "உரக்கச் சொல்லு, இவங்க எல்லாரும் கேக்கணும்" என்றாள். சொன்னாய். பெரியவர்களில் ஒருவர் வாயிலிருந்த வெற்றிலையை விழுங்கிவிட்டார்.

"கேசவ் செத்துட்டான்னு சொல்லித்தானே என் வளையலை ஒடச்சீங்க. அப்ப நான் இருபத்தஞ்சு வருஷம் யாருக்கு விதவையா இருந்தேன்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டதாக நீ நினைத்திருப்பாய். இல்லை. வழி கேட்பவள் போலத்தான் முகம் இருந்தது. பதில் கிடைக்கும் என்று உண்மையிலேயே காத்திருந்தாள். நீ விடுதலைச் சீட்டைத் திருகைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாய்.

நீ போனபிறகு அவள் ஜம்குவைக் கூப்பிட்டாள். "படிடி." ஜம்கு படித்தாள். "உயிரோடிருக்கும் கேசவ் ஆகிய நான், எந்தக் குற்றமும் செய்யாத என் மனைவி ரூபாவை" என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். அந்த ஒரு வரியை மூன்று தடவை படிக்கச் சொன்னாள். பிறகு சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு விஷயத்தை உன்னிடமும் மறைத்திருந்தேன். அன்று அவள் வளையலை உடைக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டிருந்தது யாரோ இல்லை. நான்தான். எனக்குப் பதின்மூன்று வயது. பிடி என்றார்கள், பிடித்தேன். அதைச் சொன்னேன். "தெரியும். உன் கை சில்லுன்னு இருந்துச்சு" என்றாள்.

வீட்டுக்கு வந்தால் பூச்செண்டை ஆடு தின்றிருந்தது. ஜம்குவின் மாப்பிள்ளை அப்படி முடிந்தான். வட்கேடாவில் நேற்று ஒரு கல்யாணமும் நடக்கவில்லை. மற்ற ஊர்களில் நடந்ததாம், பொய் சொல்லமாட்டேன். சாதி என்னைத் தள்ளிவைக்கும் என்கிறார்கள். இவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அரண்மனையில் என்ன சொல்கிறார்கள்? உடனே எழுது. வயிற்றைக் காயப்போடாதே.

அக்கா

*

ஹிரண்கட்
ஜேஷ்ட வளர்பிறை அஷ்டமி

அக்காவுக்கு,

சுகம். நன்றாகப் பசிக்கிறது, ஆச்சரியமாக இருக்கிறது. உன் முழங்காலும் ஜம்குவின் பரீட்சையும் எப்படி? தேறியிருந்தால் புத்தகம் நானே கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். எந்த வேஷத்தில் வந்து கொடுப்பேன் என்றுதான் தெரியவில்லை.

பெரியப்பா வகையறா மனுப் போட்டுவிட்டார்கள். துரை மூன்று நாளைக்கு முன்பு வந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. நல்ல மனிதர்தான், ஒரு வழி கொண்டுவந்தார். ஒரு காகிதம், கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது. துவாதசி அன்று எனக்குக் காய்ச்சல், சுயநினைவின்றிப் பேசினேன், கேசவ் என்பவன் சம்வத் 1941-லேயே இறந்துவிட்டான் என்று அதில் எழுதியிருக்கிறது. போட்டுவிட்டால் மனுத் தள்ளுபடி. நாற்காலி இருக்கும், பள்ளிக்கூடம் இருக்கும், சட்டமும் இருக்கும். "ஒரு கையெழுத்து, சாகேப். காகிதம்தானே" என்று திவான் என் காலைத் தொட்டார். வயதான மனிதர், எனக்கு அழுகை வந்தது.

இரண்டு நாள் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜம்கு மாதிரி எத்தனை பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டேன். போட்டுவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். அப்போது அவள் இடுப்பில் செருகிய சீட்டு நினைவுக்கு வந்தது. கேசவ் 1941-லேயே செத்திருந்தால் அந்தச் சீட்டு ஒரு பிணம் எழுதியது. ரூபா மறுபடியும் விதவை.

ஒரே ஆளுக்காக ஒரு பெண்ணை இரண்டு தடவை விதவையாக்க என்னால் முடியாது, அக்கா. காகிதத்தை வெறுமையாகவே திருப்பி அனுப்பிவிட்டேன். வண்டி கட்டச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை வட்கேடாவில் இருப்பேன். நெய் குறைத்துச் சமை.

உன் தம்பி
கேசவ்